அலுங்காம குலுங்காம போற குதிரைய நோகடிக்காம பழக்குறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

குதிரை சவாரின்னாலே தூக்கித் தூக்கிப் போடும், இறங்கினதும் இடுப்பு வலிக்கும்னு நினைக்கிறவங்க நல்லா நடை போடுற ஒரு கெய்ட்டட் குதிரைல (பொறவிலயே குலுக்காத தனி நடை இருக்கற குதிரைல) ஏறினா ஆச்சரியப்பட்டுப் போவாங்க. வேகமா போகும், ஆனா உக்காந்திருக்கறவங்க அசையவே மாட்டாங்க. சாதாரண குதிரை வாக் (நடக்கறது), ட்ராட் (குறுக்கு ஜோடி காலால துள்ளி ஓடறது), கேண்டர் (மிதமான பாய்ச்சல்), கேலப் (முழு வேகப் பாய்ச்சல்)னு போகும், இந்தக் குதிரைங்க ட்ராட்டுக்குப் பதிலாவோ இல்ல அதோட கூடுதலாவோ நாலு காலையும் தனித்தனியா வெச்சு ஒரு நடுத்தர வேக நடை போடும். டென்னசி வாக்கிங் ஹார்ஸுக்கு ரன்னிங் வாக், ஐஸ்லாண்டிக் குதிரைக்கு டோல்ட், பெருவியன் பாசோவுக்கு பாசோ யானோ, மிசௌரி ஃபாக்ஸ் ட்ராட்டருக்கு ஃபாக்ஸ் ட்ராட், பிரேசிலோட மங்கலார்கா மார்ஷடோருக்கு மார்ஷா, நம்ம மார்வாரி காத்தியவாரி குதிரைங்கள்ல சிலதுக்கு ரேவால். பேரு வேற வேற, எல்லாத்துலயும் பொதுவான விஷயம் என்னன்னா ஏதாவது ஒரு கால் எப்பவும் தரையில இருக்கும், அதனாலதான் குலுக்கல் இல்ல.

இந்த நடை ரத்தத்துலயே வர்றது. 2012ல ஸ்வீடனோட உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு டிஎம்ஆர்டி3ங்கிற ஜீன்ல இருக்கற ஒரு மாற்றம்தான் இதுக்குப் பெரிய காரணம்னு கண்டுபிடிச்சாங்க, தண்டுவடத்துல காலுங்களோட தாளத்த ஒருங்கிணைக்கற நரம்பு செல்கள்ல அந்த ஜீன் வேலை செய்யுது. ஐஸ்லாண்டிக் குதிரைங்கள்ல பேஸும் (ஒரே பக்கத்து ரெண்டு காலும் சேந்து போற நடை) சேத்து அஞ்சு நடை போடுறதுங்க பெரும்பாலும் இந்த மாற்றத்த ரெண்டு பிரதி வெச்சிருக்கும். இத ஏன் முதல்லயே சொல்றேன்னா நிறைய பேர் நடைய குதிரைக்குள்ள திணிக்கணும்னு நினைச்சுட்டு ஆரம்பிக்கறாங்க, கனமான லாடம், நீள கடிவாளம், சங்கிலின்னு போறாங்க. அதெல்லாம் தேவையில்ல. குதிரைகிட்ட அந்த நடை ஏற்கனவே இருக்கு, வலி இல்லாம பயம் இல்லாம உடம்புல தெம்போட இருந்தா அது தானா வெளிய வரும், நாம அதுக்கு எடைஞ்சலா இல்லாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

வலிய வெச்சு நடை வரவைக்கறது எவ்வளவு தூரம் போச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா அமெரிக்காவுல நடந்தத பாக்கணும். டென்னசி வாக்கிங் ஹார்ஸ் போட்டிகள்ல முன்னங்கால எவ்வளவு உயரமா தூக்குதோ அவ்வளவு பரிசுன்னு ஆனதும், குளம்புக்கு மேல இருக்கற தோல்ல கடுகு எண்ணெய், மண்ணெண்ணெய் மாதிரி எரியற சமாச்சாரத்த தடவி, அதுக்கு மேல சங்கிலி மாட்டி, தரையில கால் படும்போது எரியற வேதனையில காலை வெடுக்குனு தூக்க வெச்சாங்க. இதுக்கு சோரிங்னு பேர். இத தடுக்கத்தான் 1970ல ஹார்ஸ் ப்ரொடக்‌ஷன் ஆக்ட்னு தனி சட்டமே வந்துது, 1976ல அத திருத்தி இன்னும் கடுமையாக்கினாங்க, அப்படியும் முழுசா ஒழியல. குதிரை வாங்கப் போறீங்கன்னா முன்னங்கால் குளம்புக்கு மேல பின்பக்கத்த தடவிப் பாருங்க, முடி கொட்டி தோல் தடிச்சு மடிப்பு மடிப்பா இருந்தாலோ, தொட்டதும் காலை இழுத்துக்கிட்டாலோ யோசிக்காம விலகிருங்க, அதோட வித்தவர் சொல்ற கதையையும் நம்பாதீங்க.

முதல்ல குதிரையா, நீங்களா?

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துக்குட்டியா இருக்கக்கூடாது. நீங்க புதுசுன்னா குதிரை பழகினதா இருக்கணும், பழகாத இளம் குதிரைய வாங்கி சேந்து வளருவோம்னு ஆசைப்படறவங்க கடைசில எலும்பு முறிஞ்சு கட்டில்ல கிடப்பாங்க, குதிரையும் யாரையும் நம்பாத நிலைக்குப் போயிரும். ஏற்கனவே நல்லா நடை போடுற, வயசு கொஞ்சம் ஆன, நிதானமான குதிரை மேல கத்துக்கிட்டு, அந்த நடை உங்க உடம்புக்கு எப்படி இருக்கும்னு தெரிஞ்சப்புறம்தான் இளசுங்க பக்கம் போகணும், அப்பவும் அனுபவசாலி ஒருத்தர் கூட இருந்தா நல்லது.

இளம் குதிரைன்னா வயசு ரொம்ப முக்கியம். குதிரையோட எலும்பு கீழ இருந்து மேல முத்தும், குளம்புப் பக்கம் சீக்கிரம் முடிஞ்சிரும், முழங்கால் மூட்டு ரெண்டு ரெண்டரை வயசு ஆகும், முதுகெலும்பு அஞ்சரை ஆறு வயசுலதான் முழுசா முடியும். நாம எங்க உக்கார்றோம்? அந்த முதுகுமேலதான். அதனால ரெண்டு வயசுலயே ஏறி ஓட்டறது அவசரம். மூணு வயசுல தரையில நின்னு பண்ற பயிற்சி, நாலு வயசுவாக்குல மெதுவா ஏறறது, அதுதான் எனக்கு சரின்னு படுது. ஐஸ்லாண்டிக் குதிரை வளக்கறவங்களும் நாலு அஞ்சு வயசுல ஏறி பழக்கறதுதான் வழக்கம். எடை கணக்கும் பாருங்க, சவாரி பண்றவரும் சேணமும் சேத்து குதிரையோட எடையில 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கறது பரவலா ஏத்துக்கற அளவு, 400 கிலோ குதிரைன்னா எல்லாம் சேத்து 80 கிலோ. கெய்ட்டட் இனங்கள் நிறைய குட்டையா இருக்கும், பலசாலின்னு சொல்லி கனமானவங்கள ஏத்தறதும் அதனாலயே அதிகம்.

காத தீட்டிக்கணும்

சவாரிக்கு முன்னாடி கேக்கப் பழகுங்க. கெட்டியான தரையில குதிரைய யாராவது நடத்தச் சொல்லி கண்ண மூடி கேளுங்க. டக், டக், டக், டக்னு நாலு சத்தமும் ஒரே இடைவெளில வந்தா அது சுத்தமான நாலு தாள நடை, டோல்ட்டோ ரன்னிங் வாக்கோ இப்படித்தான் கேக்கும். ரெண்டு ரெண்டா ஒட்டி டடக், டடக்னு கேட்டா குதிரை பேஸ் பக்கமோ ட்ராட் பக்கமோ சாயுதுன்னு அர்த்தம். எந்தப் பக்கம்னு காதால கண்டுபிடிக்க முடியாது, பாக்கணும். ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேந்து போனா பேஸ், குறுக்கு மூலையில இருக்கற ஜோடி சேந்து போனா ட்ராட். ஃபாக்ஸ் ட்ராட் மட்டும் வேற கேஸ், அதுல தாளம் கொஞ்சம் உடைஞ்சு குறுக்கு ஜோடி பக்கம் சாஞ்சுதான் இருக்கும், அது தப்பில்ல, அந்த இனத்துக்கு அதுதான் சரி.

கண்ணுக்கு இது சட்டுனு பிடிபடாது. மொபைல்ல ஸ்லோ மோஷன் போட்டு பக்கவாட்டுல இருந்து எடுங்க, ஒரு பக்கத்து காலுங்கள்ல மட்டும் கலர் டேப் ஒட்டிட்டா இன்னும் சுலபம். மாசத்துக்கு ஒருதடவையாவது இப்படி எடுத்து தேதியோட வெச்சுக்கோங்க. மேல உக்காந்திருக்கறவருக்கு நடை சூப்பரா இருக்கற மாதிரி தோணும், வீடியோல பாத்தா முதுகு பள்ளமா தொங்கி குதிரை ஸ்டெப்பிங் பேஸ்ல (பேஸ் மாதிரியே, கொஞ்சம் தாளம் உடைஞ்ச நடைல) போயிட்டு இருக்கும், இது ரொம்ப சகஜம்.

உடம்பு சரியா இருக்கா

இதுல அவசரப்படாதீங்க, நடை கெடறதுக்கு காரணம் பெரும்பாலும் இங்கதான் இருக்கும்.

குளம்பு: நாலுல இருந்து எட்டு வாரத்துக்கு ஒருதடவை சீவணும். கெய்ட்டட் குதிரைக்கு முன்பக்கம் நீளமா விட்டு கனமான லாடம் அடிச்சா காலை உயர்த்தும்னு ஒரு பழக்கம் இருக்கு, கனம் ஏறினா காலோட டைமிங் மாறும்ங்கறது உண்மைதான், ஆனா அந்த கூடுதல் பாரத்த தசைநாரும் மூட்டும்தான் தாங்கணும். சமநிலையா சீவின குளம்பு, தரைக்குத் தேவைன்னா சாதாரண லாடம், அவ்வளவு போதும். லாடக்காரர் கெய்ட்டட் குதிரை பாத்தவரா இருந்தா நல்லது, இல்லன்னா உங்க வீடியோவ காட்டுங்க. இன்னொன்னு, இந்தக் குதிரைங்க பின்னங்காலை முன்னங்கால் தடத்த தாண்டி வைக்கும், அது நல்ல நடையோட அடையாளம், ஆனா சோர்ந்து போனாலோ குளம்பு நீண்டு போனாலோ பின் குளம்பு முன்னங்கால் குதிகால்ல இடிச்சு காயமாகும், லாடமும் பிடுங்கிக்கும். இளம் குதிரைக்கு முன்னங்கால்ல பெல் பூட் (குளம்ப சுத்தி மூடற மணி வடிவ உறை) மாட்டிடுங்க.

பல்லு: வருஷத்துக்கு ஒருதடவை வெட் (கால்நடை டாக்டர்) பாக்கணும், அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குதிரைக்கு ஆறு மாசத்துக்கு ஒருதடவை, ஏன்னா பால்பல் விழுந்து மாறிட்டே இருக்கும். தலைய ஆட்டுது, கடிவாளத்த மெல்லுது, ஒரு பக்கம் திரும்பவே மாட்டேங்குதுன்னா திமிருன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி வாயத் திறந்து பாருங்க.

சேணம்: கெய்ட்டட் குதிரையோட தோள்பட்டை எலும்பு பின்னால ரொம்ப தூரம் நகரும், சேணம் அதுமேல ஏறி உக்காந்துட்டா காலை முன்னால வைக்கவே முடியாது, அப்புறம் நடை எப்படி வரும். முன்னங்காலை யாராவது முன்னால இழுத்துப் பிடிக்கச் சொல்லிட்டு உங்க விரலை சேணத்துக்கும் தோளுக்கும் நடுவுல விட்டுப் பாருங்க, நசுங்கினா சேணம் முன்னால இருக்கு இல்லன்னா குறுகலா இருக்கு. சவாரி முடிஞ்சு கழட்டினதும் வேர்வைத் தடத்த பாருங்க, சுத்தி நனைஞ்சு நடுவுல ஒரு இடம் மட்டும் காஞ்சிருந்தா அங்க அழுத்தம் அதிகம். வெள்ளை முடி வளர ஆரம்பிச்சிருந்தா நீங்க ரொம்ப லேட்டு.

கடிவாளம்: நீளமான தண்டு வெச்ச பிட் (வாய்க்குள்ள போற துண்டு) உங்க கை இழுக்கறத பலமடங்காக்கி தாடையில கொண்டு போய் சேக்கும். புதுசா வர்றவங்க கைல அது இருக்கவே கூடாது. சாதாரண ஸ்னாஃபிள் (தண்டு இல்லாத எளிய பிட்) இல்லன்னா பிட்டே இல்லாத தலைக்கயிறு போதும், பாசோ ஃபீனோ, பெருவியன் பாசோ பழக்கறவங்க பாரம்பரியமாவே போசால் (பிட் இல்லாம மூக்கு மேல போடற பட்டை) போட்டுதான் ஆரம்பிப்பாங்க, வாய தொடறதே அப்புறம்தான். மூக்குப் பட்டை கட்டினீங்கன்னா மூக்கு எலும்புக்கு மேல ரெண்டு விரல் போற அளவு இடம் விடுங்க.

உங்க பாதுகாப்பு

சுருக்கமா சொல்லிடறேன். ஏறினாலும் பக்கத்துல நின்னு வேலை செஞ்சாலும் குதிரைக்குன்னு செஞ்ச ஹெல்மெட், சைக்கிள் ஹெல்மெட் வேணாம், ஒருதடவை விழுந்து அடிபட்ட ஹெல்மெட்ட மாத்திடுங்க. சின்ன ஹீல் இருக்கற ஷூ, இல்லன்னா கால் அங்கவடிக்குள்ள முழுசா போய் மாட்டிக்கும், விழுந்தா இழுத்துட்டே ஓடும். கயித்த கைல சுத்திக்காதீங்க, மடிச்சு பிடிங்க. கட்டும்போது ஒரே இழுப்புல அவுக்கற முடிச்சு. குதிரைக்கு கிட்டத்தட்ட சுத்தி எல்லாம் தெரியும், நெத்திக்கு நேர் முன்னாடியும் வாலுக்கு நேர் பின்னாடியும் மட்டும் தெரியாது, அதனால தோள் பக்கமா, பேசிக்கிட்டே போங்க. தனியா யாருமில்லாத இடத்துல இளம் குதிரைமேல ஏறாதீங்க, மொபைல் உங்க உடம்புல இருக்கட்டும், சேணப்பையில வேணாம்.

தரையில நின்னு சொல்லிக் குடுக்கறது

குதிரை கத்துக்கறது அழுத்தத்தால இல்ல, அழுத்தம் விலகற அந்த நொடியால. தலைக்கயித்த லேசா முன்னால இழுக்கறீங்க, அது ஒரு அடி வைக்க எடை மாத்தினதுமே உடனே விடுங்க, உடனேன்னா அதே நொடி. ரெண்டு செகண்ட் தள்ளி விட்டீங்கன்னா அது வேற எதையோ கத்துக்கும், அனேகமா தலைய தூக்கறத. எப்பவும் ரொம்ப லேசா ஆரம்பிச்சு, பதில் வரலன்னா மெல்ல கூட்டி, பதில் வந்ததும் பூஜ்யத்துக்கு வந்துருங்க. சரியா செஞ்சதும் பிடரிக்குக் கீழ கழுத்தடியில சொறிஞ்சு விடுங்க, அது குதிரைக்குப் பிடிச்ச இடம், தட்டிக் குடுக்கறத விட சொறியறது நல்லா வேலை செய்யும். தீனி குடுத்து பழக்கறதும் நல்ல முறைதான், ஆனா குதிரை தன் தலைய நேரா வெச்சிருக்கும்போது மட்டும் குடுங்க, பாக்கெட்ட நோண்டும்போது குடுத்தா கடிக்கப் பழகிடும்.

இந்தக் கட்டத்துல கத்துக் குடுக்க வேண்டியது அதிகமில்ல. கூடவே நடக்கறது, நின்னா நிக்கறது, மூணு நாலு அடி பின்னால போறது, தலைய கீழ இறக்கறது, பின்பக்கத்த ஒதுக்கறது, ஏறும் மேடை பக்கத்துல அசையாம நிக்கறது. கடைசி ரெண்டும் உங்க உயிரக் காப்பாத்தும். பின்பக்கத்த ஒதுக்கத் தெரிஞ்ச குதிரை மிரண்டு ஓடினா ஒரு பக்க ரெயினால (கைல பிடிக்கற வாரால) தலைய மெல்ல வளைச்சு வட்டத்துக்குள்ள கொண்டு வந்து நிறுத்தலாம், ஆனா முழு வேகத்துல போகும்போது வெடுக்குனு இழுத்தா குதிரை சாஞ்சு விழும், அதனால நின்ன இடத்துலயும் வாக்லயும் இத பழகி வெச்சுக்கணும்.

பயத்த போக்கறேன்னு சொல்லி குதிரைய கட்டிப்போட்டு பிளாஸ்டிக் கவர ஆட்டி ஆட்டி கடைசில அது அசையாம நின்னதும் பாத்தீங்களா பழகிருச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க. அது பழகல, விட்டுக்கொடுத்து உறைஞ்சு போயிருக்கு. தூரத்துல ஆரம்பிங்க, அது காத திருப்பிப் பாத்து மூச்ச விட்டு தலைய இறக்கற தூரம் எதுவோ அங்கிருந்து ஒவ்வொரு அடியா கிட்ட வாங்க. கண்ணோட வெள்ளை தெரியறது, கண்ணுக்கு மேல சுருக்கம், வாய் இறுகிப் போறது, வால அடிக்கறது, இதெல்லாம் நீங்க அதிகமா கேட்டுட்டீங்கன்னு அது சொல்றது. ஒரே நாள்ல புது இடம், புது சேணம், புது ஆளுன்னு எல்லாத்தையும் அடுக்காதீங்க.

நீளக் கயித்துல வட்டமா ஓட விடறது பத்தி ஒரு எச்சரிக்கை. சின்ன வட்டம் மூட்டுக்கு கஷ்டம், பேஸ் பக்கம் சாயற குதிரைக்கு வட்டத்துல வளையறதே சிரமம். 20 மீட்டர் அகலத்துக்குக் குறையாம, பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போகாம, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி.

மேல ஏறினப்புறம், வாக், வாக், இன்னும் வாக்

ஏறும்போது மேடை வெச்சு ஏறுங்க, கீழ இருந்து அங்கவடியில தொங்கி ஏறினா குதிரை முதுகு முறுக்கும். வயித்துப் பட்டைய ஒரே இழுப்புல இறுக்காதீங்க, ரெண்டு மூணு தவணையா.

முதல் சில வாரம் நடையப் பத்தி மறந்துருங்க. எல்லா நாலு தாள நடையும் வாக்ல இருந்து பிறக்கறதுதான், நல்லா தளர்வா, நீளமா, ஒரே தாளத்துல வாக் போகாத குதிரைகிட்ட நல்ல ரன்னிங் வாக் கேக்கறதுல அர்த்தமே இல்ல. தினமும் ஆரம்பத்துல பத்து பதினஞ்சு நிமிஷம் லூஸ் ரெயின்ல நடக்க விடுங்க, அப்புறம் ரெயின மெல்ல எடுத்து, உங்க இடுப்பு அதோட அசைவோட போகட்டும், நிறுத்தி நடத்தி, பெரிய வளைவு போட்டு, ஒரு பக்கமா காலால ஒதுக்கச் சொல்லின்னு அதுக்குள்ளயே நிறைய வேலை இருக்கு. போரடிக்கும், ஒத்துக்கறேன். மேடு பள்ளமான பாதைல நடந்துட்டு வந்தீங்கன்னா உங்களுக்கும் பொழுது போகும், அதுக்கும் பின்பக்க தசை வளரும்.

இளம் குதிரைக்கு ஒரு நாளைக்கு 20, 30 நிமிஷம், வாரத்துல மூணு நாலு நாள் போதும். ஓய்வுல இருக்கற குதிரையோட நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 28ல இருந்து 44, மூச்சு 8ல இருந்து 16. உங்க குதிரையோட அளவு என்னன்னு ஓய்வுல எண்ணி வெச்சுக்கோங்க. வேலை முடிஞ்சு பத்து பதினஞ்சு நிமிஷத்துல நாடி 60க்கு கீழ வரலன்னா இன்னைக்கு அதிகமா வாங்கிட்டீங்க.

இப்ப நடைய கேக்கலாம்

வாக் போகும்போது கொஞ்சம் கொஞ்சமா வேகத்த கூட்டுங்க, காலால லேசா அழுத்தி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு, கை குதிரையோட தலை அசைவோட போகணும், முன்னால விரட்டிக்கிட்டே பின்னால இழுக்கக்கூடாது. ஒரு கட்டத்துல உங்களுக்குக் கீழ ஏதோ மாறும், முதுகு உயர்ந்து வர்ற மாதிரி இருக்கும், தாளம் வேகமாகும் ஆனா குலுக்கல் இருக்காது. பத்து பதினஞ்சு அடி போக விட்டு, அது உடையறதுக்கு முன்னாடி நீங்களே வாக்குக்கு கொண்டு வந்துருங்க. இதுதான் ரகசியமே. கெட்டப்புறம் நிறுத்தினா கெட்டதத்தான் கத்துக்கும், நல்லா இருக்கும்போதே நிறுத்தி கழுத்த சொறிஞ்சா அதுக்கு எது வேணும்னு புரியும். அடுத்த வாரம் இருபது அடி, அப்புறம் ஒரு நீளப் பக்கம் முழுசா. நேர்பாதையில, கெட்டியான சமமான தரையில ஆரம்பிங்க, வளைவெல்லாம் நடை நிலைச்சப்புறம்.

உடைஞ்சு பேஸ்லயோ ட்ராட்லயோ போயிருச்சா, திட்டாதீங்க, சவுக்க எடுக்காதீங்க, அமைதியா வாக்குக்கு வந்து மறுபடி கேளுங்க. வேகம் முக்கியமில்ல, வேகம் கேட்டீங்கன்னா தாளம்தான் முதல்ல போகும்.

பேஸ் பக்கம் சாயுதா, ட்ராட் பக்கம் சாயுதா

ரெண்டுக்கும் மருந்து எதிரெதிர், இத குழப்பிக்கிட்டவங்கதான் மாசக்கணக்கா தவிக்கறாங்க.

பேஸ் பக்கம் சாயற குதிரை பொதுவா முதுக பள்ளமாக்கி, தலைய தூக்கி, உடம்ப பலகை மாதிரி விறைச்சு வெச்சிருக்கும். அத தளர்த்தணும். கழுத்த நீட்டி கீழ விடச் சொல்லுங்க, பக்கவாட்டு வேலை நிறைய குடுங்க, கொஞ்சம் மணல் பாங்கான மென்மையான தரையில நடத்துங்க. தரையில கம்பு வெச்சு தாண்ட விடறது ரொம்ப நல்லா உதவும், ஏன்னா கம்பைத் தாண்ட ஒவ்வொரு காலையும் தனியா தூக்கணும், பக்கத்து ஜோடிய சேத்து வீச முடியாது. முதல்ல ஒரே ஒரு கம்பு, அப்புறம் மூணு நாலு, வாக்குக்கு இடைவெளி 75ல இருந்து 90 சென்டிமீட்டர், குதிரையோட அடி நீளத்துக்கு ஏத்த மாதிரி நகத்திக்கோங்க. உருளாத கம்பா இருக்கட்டும், மிதிச்சு உருண்டா காலு போயிரும்.

ட்ராட் பக்கம் சாயறதுக்கு கம்பு வைக்காதீங்க, இன்னும் ட்ராட்டுதான் வரும். கழுத்த கொஞ்சம் உயர்த்தி, ரெயின்ல லேசான தொடர்பு வெச்சு, நீங்க நிமிந்து கனமா உக்காந்து, மென்மையான மணல விட்டு கெட்டியான சமதரையில வேகமான வாக்ல இருந்து மெல்ல கேளுங்க. ட்ராட்டுக்கு எகிறப் போறது உங்களுக்கு ஒரு அடி முன்னாடியே தெரியும், அப்பவே லேசா பிடிச்சு வாக்குக்கு. ஆனா தலைய தூக்கினா நடை வருதேன்னு அத மேல மேல இழுத்து வெச்சு ஓட்டறது வேணாம், நடை வரும், முதுகு போயிரும். அப்பப்ப கழுத்த நீட்டி ஓய்வு குடுங்க.

கேண்டர் கடைசில. டிஎம்ஆர்டி3 மாற்றம் ரெண்டு பிரதி இருக்கற குதிரைங்களுக்கு கேண்டர் இயல்பா கஷ்டம், முன்னால ஒரு காலும் பின்னால வேற காலும் முந்தி தடுமாறும். அதுக்காக தண்டிக்கறது அநியாயம். லேசான ஏத்தத்துல, ஒரு வளைவு முடியற இடத்துல கேளுங்க, நாலஞ்சு அடி வந்தா போதும். பேஸ் பக்கம் சாயற குதிரைக்கு கேண்டர் பழகினா முதுகு தளர்ந்து நடையும் சீராகும், அதனால மெனக்கெடறது வீண் போகாது.

நடை திடீர்னு கெட்டுப்போனா

நேத்து வரைக்கும் நல்லா போயிட்டிருந்த குதிரை இன்னைக்கு பேஸ்ல போகுதுன்னா முதல் சந்தேகம் வலிதான். கெய்ட்டட் குதிரைல நொண்டறத கண்டுபிடிக்கறது கஷ்டம், இத யாரும் புதுசா வர்றவங்களுக்கு சொல்லறதே இல்ல. வெட் வழக்கமா ட்ராட் ஓட விட்டு, வலிக்கற முன்னங்கால் தரையில படும்போது தலை மேல போறத வெச்சு கண்டுபிடிப்பாங்க, இங்க நிறைய குதிரைங்களுக்கு ட்ராட்டே கிடையாது, அதோட டென்னசி வாக்கர் நல்லா இருக்கும்போதே அடிக்கு அடி தலைய ஆட்டும். மேல இருக்கற உங்களுக்கும் குலுக்கல் இல்லாததால எதுவும் தெரியாது. அதனால மறைமுகமா பாக்கணும்: தலை ஆட்டம் ரெண்டு பக்கமும் ஒரே அளவா, பின்னங்கால் தாண்டி வைக்கற தூரம் இடதும் வலதும் ஒண்ணா, ஒரு பக்கம் திரும்ப மட்டும் மறுக்குதா, சேணம் எப்பவும் ஒரே பக்கமா நழுவுதா. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசன் 2018ல வெளியிட்ட பட்டியல் ஒண்ணு இருக்கு, சவாரியில குதிரை காட்டற 24 நடத்தைகள், காத பின்னால மடிக்கறது, வாயத் திறந்துட்டே போறது, வால வீசறது மாதிரி, அதுல எட்டும் அதுக்கு மேலயும் தெரிஞ்சா வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

பெருவியன் பாசோ வெச்சிருக்கறவங்க கூடுதலா ஒண்ணு கவனிக்கணும், அந்த இனத்துல காலைத் தாங்கற சஸ்பென்சரி தசைநார் மெல்ல மெல்ல சிதையற டிஎஸ்எல்டிங்கற நோய் அதிகமா வரும், பின்னங்கால் குளம்புக்கு மேல இருக்கற மூட்டு தரையப் பாத்து இறங்கிக்கிட்டே வரும், பயிற்சியால சரியாகாது, ஓட்டறத நிறுத்தணும்.

வெட் வரும்போது குதிரைய கெட்டியான தரையில வாக்லயும், பெரிய வட்டத்துலயும், அதோட வழக்கமான நடையிலயும் சவாரி இல்லாமலும் சவாரியோடயும் காட்டுங்க, நீங்க மாசாமாசம் எடுத்து வெச்ச வீடியோவ தேதி வரிசையில பக்கத்துல வெச்சு காட்டுங்க, எந்த வாரத்துல எந்தக் கால் மாறிச்சுன்னு அவங்களுக்கு அதுலயே பாதி தெரிஞ்சிரும்.